1921 கணக்கெடுப்பில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருக்குமா?

வாசகர் கடிதம்:

"வணக்கம் ஐயா. நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். வயது 61. அப்பா பிறந்த தோட்டம் இன்று பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. இலண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு செய்தி சொன்னான். அங்கே 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பெயர் பெயராகத் திறந்துவிட்டார்களாம். அவனோடு வேலை செய்பவர் தன் பூட்டன் வீட்டில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பது வரை பார்த்துவிட்டாராம். அதே 1921இல் மலாயாவிலும் கணக்கெடுத்ததாகப் படித்தேன். என் கொள்ளுத்தாத்தா துறையூர் பக்கத்திலிருந்து கங்காணியோடு ரஜூலா கப்பலில் வந்தவர் என்பார்கள். ஊரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஆண்டுதோறும் பெரியசாமிக்குப் படையல் போடுகிறோம். என்னிடம் இருப்பவை அப்பாவின் 1938ஆம் ஆண்டுப் பிறப்புப் பத்திரமும் பாட்டியின் பித்தளைக் குடமும் மட்டுமே. குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ எழுதியிருக்கிறது. அப்பாவும் சித்தப்பாமார்களும் காலமாகிவிட்டார்கள். ஈப்போ புந்தோங்கில் 84 வயது அத்தை ஒருவர் இருக்கிறார். தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. மலாயாக் கணக்கெடுப்பை எந்த அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள்?"

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மலாயாவின் 1921 கணக்கெடுப்பில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேட வழியில்லை. பெயர் எழுதிய படிவங்கள் பொதுமக்கள் பார்வைக்கென்று எந்த அலுவலகத்திலும் இல்லை. பணம் கட்டினால் எடுத்துத் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால் ஒரு வெள்ளிகூடக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் கடிதத்தின் பிற்பகுதியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, படையல், பத்திரம், குடம், அத்தை என்று, அதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என்னிடம் வருகிற குடும்பங்களில் பலவற்றிடம் இவற்றில் ஒன்றுகூட மிஞ்சியிருப்பதில்லை.

அக்கா மகன் சொன்னது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1921 ஜூன் 19ஆம் தேதி இரவு எந்த வீட்டில் யார் தங்கியிருந்தார்களோ, அவர்களை அந்த வீட்டுத் தலைவரே படிவத்தில் எழுதிக் கொடுத்தார். பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், எவரிடம் வேலை என்பது வரை அதில் உண்டு. படிவங்களைக் கட்டிக் காப்பாற்றி நூறு ஆண்டு கழித்து 2022 ஜனவரியில் திறந்தார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு என்பது கணக்கு. அங்கே 1950ஆம் ஆண்டின் படிவங்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. காப்பாற்றி வைத்ததால் திறக்க முடிந்தது. இங்கிலாந்திலேயே 1931ஆம் ஆண்டின் படிவங்கள் 1942இல் தீப்பிடித்து எரிந்து போயின. 1941இல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே அந்த நாட்டவர்க்கும் 1921க்கு அடுத்தது 1951தான். இன்னொன்று, அந்தப் படிவங்களில் இருப்பவர்கள் அன்றிரவு அந்த மண்ணில் இருந்தவர்கள் மட்டுமே. உங்கள் தோட்டத்துத் துரை அன்றைக்குப் பேராக்கில் இருந்திருந்தால் அவர் பெயரும் அதில் இராது.

மலாயாவில் 1921இலும் 1931இலும் 1947இலும் கணக்கெடுத்தார்கள். 1921ஆம் ஆண்டின் அறிக்கையை எழுதியவர் ஜே. ஈ. நேதன் என்ற அதிகாரி. அந்த அறிக்கையைப் புரட்டினால் பக்கம் பக்கமாக அட்டவணைகள். எந்த மாநிலத்தில் எத்தனை தமிழர், எத்தனை தெலுங்கர், எத்தனை மலையாளி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன தொழில். 1921இல் மலாயாவில் இந்தியர் சுமார் 4 இலட்சத்து 70 ஆயிரம் பேர். 1931இல் 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். 1947இல் எண்ணியபோது 6 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பதினாறு ஆண்டில் பெருகியிருக்க வேண்டிய சமூகம் சிறுத்திருக்கிறது. ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், போர்க்காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் போய் மாண்டவர்களும், போருக்குப் பின் கிடைத்த கப்பலில் ஏறிப் போனவர்களும் அந்தக் குறைவுக்குள்தான் இருக்கிறார்கள். உங்கள் சின்னத் தாத்தாவும் அதில் ஒருவர். பெயர் தேடுகிறவருக்கு அந்த அறிக்கை உதவாது. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவருக்கு உதவும்.

இந்தியாவிலும் இதே நிலைதான். அங்கே எண்ணி முடித்ததும் வீட்டுவாரிப் படிவங்களைப் பெயர் தேடும்படி வைத்துக்கொள்ளவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கெடுப்புப் பதிவுகளை எவரும் பார்வையிடக் கூடாது என்றே சொல்கிறது. ஆகவே கணக்கெடுப்புக்காகச் சென்னைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இனிக் கப்பலுக்கு வருகிறேன். கொள்ளுத்தாத்தா ரஜூலாவில் வந்தார் என்கிறீர்கள்; அவரை 1921இல் தேடுகிறீர்கள். ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. அவர் ரஜூலாவில் வந்திருந்தால் 1921 கணக்கெடுப்பு நடந்தபோது துறையூர்ப் பக்கத்தில்தான் இருந்தார். அதற்கு முன்பே வந்திருந்தால் வேறு கப்பலில் வந்தார். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே அந்தக் கப்பல் 1970கள் வரை ஓடியதால், நம் குடும்பங்களில் கப்பல் என்றாலே ரஜூலா என்றாகிவிட்டது. பாட்டி சொன்னது பொய் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் பின்னாளில் ஊருக்குப் போய்வந்த கப்பலாக அது இருக்கலாம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: இரண்டு முறை வந்திருக்கலாம். 1930 முதல் 1932 வரை விலை வீழ்ச்சியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிலைமை சீரானதும் அவர்களில் பலர் மறுபடியும் கப்பல் ஏறினார்கள். எந்த ஆண்டு என்பது முடிவாகும் வரை எந்த ஆவணத்தையும் தேடப் புறப்பட வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவிலோ பிஜியிலோ உள்ளவர்கள் தம் முன்னோர் ஊரைக் கண்டுபிடித்த செய்திகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை இலட்சம் பேரின் பதிவேடு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், கப்பல் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டவை. அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஆளுக்கு ஓர் எண் இருந்தது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. அதற்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் கங்காணி வழியாக வந்தார்கள். கப்பல் செலவை 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி ஏற்றது. தோட்ட முதலாளிகள் கட்டிய பணம் அது. அப்படி வந்தவர்கள் கைப்பணம் போட்டுச் சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. நேட்டாலுக்கு இருப்பதைப் போல் ஒரே பதிவேட்டில் எல்லாரையும் தேடிப் பிடிக்கிற வசதி நமக்கு இல்லை.

ஆனால் கங்காணி முறையில் உங்களுக்கு உதவுகிற ஒன்று உண்டு. இதை நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். கங்காணி முன்பின் தெரியாதவர்களைச் சந்தையில் பிடித்துக்கொண்டு வந்தவரல்லர். தோட்டத்து உரிமத்தோடு தன் சொந்த ஊருக்கும் சுற்றியுள்ள பட்டிகளுக்கும் போய், தன் உறவிலும் தெரிந்தவர்களிலும் ஆள் சேர்த்தவர். கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் ஒப்படைத்து, கப்பலேற்றி, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் தொற்று பார்த்து இறக்கி, அதே ஆட்களைத் தன் கும்பலாக அதே தோட்டத்தில் வேலை வாங்கினார். கங்காணியின் ஊர் தெரிந்தால் கொள்ளுத்தாத்தாவின் ஊர் அதுவாகவோ நடந்து போகிற தூரத்திலோ இருக்கும். கங்காணி வீட்டார் வசதியாக இருந்தவர்கள். ஊரோடு கடிதப் போக்குவரத்தை வெகுகாலம் விடாமல் வைத்திருந்தவர்கள். அந்தத் தோட்டத்துக் கங்காணியின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலோ கோலகங்சாரிலோ இருப்பார்கள். அவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கக் கூடும். கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டு அலைவதற்கு முன் கங்காணி பெயரைக் கேளுங்கள்.

கேட்க வேண்டியது யாரிடம் என்றால், அத்தையிடம்தான். இந்த வாரமே புந்தோங்குக்குப் போய்வாருங்கள். 84 வயது என்றால் 1941 வாக்கில் பிறந்தவர். அவருடைய தாத்தா பாட்டியைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் குடும்பத்தில் இனி அவர் ஒருவர்தான். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், தோட்டத்துக் கோயில் பூசாரி ஒருவரைப் பார்க்க மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். முதலில் காப்பகத்தில் கோப்புகளைப் பார்த்துவிட்டு, கேள்விகளைத் தயார் செய்துகொண்டு போகலாம் என்று நினைத்தேன். நான் போய்ச் சேர்ந்த அன்று வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐந்து குடும்பங்களின் ஊர்ப்பெயர் அவரோடு போய்விட்டது. அந்தக் குடும்பங்களுக்கு நான் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை.

அத்தையிடம் போகும்போது தாளில் கேள்வி எழுதிக்கொண்டு போய் வரிசையாகக் கேட்காதீர்கள். காலையில் போங்கள், முதியவர்களுக்கு ஞாபகம் தெளிவாக இருக்கிற நேரம் அது. பழைய படங்களைக் கொண்டுபோய் மடியில் வையுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தெரியாது என்பார். ஜப்பான்காரன் வந்தபோது யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று கேளுங்கள். 1926 கடைசியில் வந்த பெரிய வெள்ளத்தைப் பற்றி உங்கள் கொள்ளுத்தாத்தா ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். அதை மலாயாவில் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் வருகை அதற்கு முன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் உங்கள் வட்டாரத்து மூத்தவர்களுக்கு மறக்காது. அப்போது அத்தைக்கு ஏழு வயது. அன்று எந்த லயத்தில், அதாவது எந்த வரிசைக் குடியிருப்பில், எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள், பக்கத்து வீட்டார் யார் என்று கேளுங்கள். அதையடுத்துக் கம்யூனிஸ்டுகளை அடக்க அறிவித்த அவசரகாலத்தில் லயங்களை ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். அதற்கு முன் இருந்த இடம் எது, பின் வந்த இடம் எது என்பதும் தெரிய வேண்டும்.

பெண்களிடம் ஊர்ப்பெயர் தங்கியிருக்கிற இடங்கள் வேறு. எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள், யார் யாருக்கு முறை, பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடு எது என்று விசாரியுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தெரியுமா என்று கேளுங்கள். ஒப்பாரியில் பிறந்த ஊரையும் தாய்மாமன் ஊரையும் சொல்லி அழுவார்கள். ஒரு மூதாட்டி ஊர் தெரியாது, தெரியாது என்று அரைமணி நேரம் சொல்லிவிட்டு, தன் தாய் பாடிய ஒப்பாரியின் நான்காவது வரியில் ஊரையும் ஏரியையும் சேர்த்துச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அடுத்தது பிறப்புப் பத்திரம். அதை நீங்கள் அப்பாவின் பிறந்தநாளுக்காகத்தான் பார்த்திருப்பீர்கள். மறுபடியும் எடுத்துப் பாருங்கள். தகவல் கொடுத்தவர் யார் என்று ஓரிடம் இருக்கும். அங்கே தாத்தாவின் பெயர் இருக்கிறதா, தோட்டத்துக் கிராணியோ (எழுத்தர்) நிர்வாகியோ கொடுத்ததா என்று கவனியுங்கள். கிராணி கொடுத்திருந்தால் அதிலுள்ள எழுத்துக்கூட்டு அவருடைய காதில் விழுந்தபடி எழுதியது. மலையாளக் கிராணி ஒரு விதமாகவும் யாழ்ப்பாணத்துக் கிராணி இன்னொரு விதமாகவும் எழுதுவார். இராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாகப் பார்த்திருக்கிறேன். இலட்சுமி என்ற பெயருக்குக் கணக்கே இல்லை. எனவே எங்கே தேடினாலும் ஒலியை வைத்துத் தேடுங்கள். எழுத்துக்கூட்டு மாறுகிறது என்பதற்காக வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். நம்மவர்கள் அன்று வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். இரண்டு பத்திரத்தில் ஐந்து ஆண்டு வித்தியாசம் வருவது சாதாரணம்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாதது பெரிய குறை என்று பலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் பெயருக்குப் பின் தகப்பன் பெயர் வருவதால் ஒவ்வொரு தாளும் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிடுகிறது. அப்பாவின் பத்திரம் தாத்தா பெயரைச் சொல்லும். தாத்தாவின் தாளில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் தாள் ஒன்று கிடைத்தால் கப்பலேறாத ஒருவரின் பெயர் வந்துவிடும். இன்றைக்கு உங்களுக்கு வேண்டிய அடுத்த படி தாத்தாவின் தாள். அவர் 1948இல் உயிரோடு இருந்தாரென்றால் அடையாளக் கார்டு எடுத்திருப்பார். அவசரகாலத்தில் 12 வயதைத் தாண்டிய எல்லாரும் எடுக்க வேண்டியிருந்தது. சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமைக்கு மனுப்போட்டிருந்தால் பிறந்த இடம் எழுதியிருப்பார். குடியுரிமை இல்லாதவர்க்குத் தந்த சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்துவிட்டாரென்றால் அதுவும் ஒரு தகவல்: அவர் இந்தியாவில் பிறந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் தாள், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, இந்தியாவுக்குப் போய்வந்திருந்தால் பழைய கடப்பிதழ், இவையெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கும். உங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்து மக்கள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துப் பங்கு சேர்ந்தார்கள். தாத்தா சேர்ந்திருந்தால் அந்தப் பங்குப் புத்தகத்தையும் தேடுங்கள். சித்தப்பாமார்களின் பிள்ளைகளிடம் தயங்காமல் கேளுங்கள். சொத்துக்காகக் கேட்கிறீர்கள் என்ற சந்தேகம் வராதபடி, நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இழந்த தாள்களுக்குத் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்பு, இறப்புப் பதிவின் நகல் கேட்கலாம். உங்கள் அடையாளக் கார்டும் உறவைக் காட்டுகிற பத்திரங்களும் கையில் இருக்க வேண்டும். அப்பாவின் பத்திரத்தை வைத்துத் தாத்தாவுடைய இறப்புப் பதிவையும், தாத்தா வழியாகக் கொள்ளுத்தாத்தாவுடையதையும் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவது அதற்குப் பிறகு. அங்கே பேராக் அரசுச் செயலகக் கோப்புகளும் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும் உங்கள் தோட்டத்தின் கதையைச் சொல்லும். எவ்வளவு ஏக்கர், எப்போது ஆஸ்பத்திரி வந்தது, எப்போது வேலைநிறுத்தம் என்பவை கிடைக்கும். தொழிலாளியின் பெயரை எதிர்பார்த்துப் போனால் மனம் சோர்ந்துவிடும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களையும் ஆங்கில நாளிதழ்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை அன்றைய எழுத்துக்கூட்டில் தட்டிப் பாருங்கள்.

தொழிலாளியின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்ட ஒரே புத்தகம் செக்ரோல். விடியற்காலையில் ஆள் கூட்டுகிற பெரட்டில் பெயர் கூப்பிட்டு, கங்காணி கங்காணியாகப் பிரித்து, மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் போட்டு, வந்தால் ஒரு குறி, அரைநாள் என்றால் ஒரு குறி, வராவிட்டால் வெற்றிடம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டம் கைமாறியபோது இந்தப் புத்தகங்களை லாரியில் ஏற்றிப் பழைய காகிதத்துக்கு எடை போட்டார்கள். நான் கேள்விப்பட்டு ஓடியபோது மூன்று புத்தகங்கள் மிச்சம். அதில் ஒரு பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே பதினெட்டு நாள் வெற்றிடம். பத்தொன்பதாம் நாளிலிருந்து மறுபடியும் குறி. பிள்ளை பெற்றிருப்பார் என்று அருகில் நின்ற ஓய்வு பெற்ற தண்டல் (மேற்பார்வையாளர்) சொன்னார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் எழுத்தில் எஞ்சியது அந்தப் பதினெட்டுக் கட்டங்கள்தான். உங்கள் தோட்டத்துப் பழைய கிராணியோ அவர் பிள்ளைகளோ இருந்தால், வீட்டில் அப்படிப்பட்ட புத்தகம் ஏதாவது கிடக்கிறதா என்று கேளுங்கள்.

சின்னத் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறை உண்டு. கல்லில் பெயர் உண்டு. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் அதைவிடப் பல மடங்கு மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பதிவும் இல்லை. அவருடைய முடிவைத் தேடிப் போக வேண்டாம் என்று உங்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவர் பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போய்த் திரும்பி வந்தவர் யார் என்பவற்றை அத்தை வாயால் பதிவு செய்துவிடுங்கள். அவரைப் பற்றிய ஆவணம் இனி உங்கள் குடும்பம் எழுதுவதாகத்தான் இருக்கும்.

இனி ஊர். உங்கள் படையல்தான் இதில் முதல் சாட்சி. நம் மக்கள் நிலத்தை விட்டார்கள், பேச்சில் மலாய் கலந்தது, உடை மாறியது, குலதெய்வத்தை விடவில்லை. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் பெரியசாமி மலை இருக்கிறது. அங்கே பெரியசாமியோடு செல்லியம்மனும் உண்டு. கீழே ஊரில் மதுரகாளியம்மன். துறையூருக்கு மறுபக்கம் கொல்லிமலையில் மாசி பெரியண்ணசாமி இருக்கிறார். இரண்டுக்கும் அந்த வட்டாரத்தில் ஏராளமான குடிகள். அத்தையிடம் இதை நுணுக்கமாகக் கேளுங்கள்: பெரியசாமியா, பெரியண்ணசாமியா? படையலில் அம்மனுக்கு என்று தனி இலை போடுவார்களா, அந்த அம்மன் பெயர் என்ன? கிடாய் உண்டா, சைவப் படையலா? எந்த மாதம், எந்தக் கிழமை? தலைப்பிள்ளைக்கு முதல் முடி எந்தப் பெயர் சொல்லி இறக்கினார்கள்? செல்லியம்மன் என்று சொன்னால் கிழக்கே பெரம்பலூர்ப் பக்கம் தேடுங்கள். பெரியண்ணசாமி என்றால் மேற்கே கொல்லிமலை அடிவாரம். குடும்பத்தில் திரும்பத் திரும்ப வைத்த பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தலைமுறைக்கு ஒரு பெரியசாமியும் ஒரு செல்லம்மாளும் இருந்தால் அது தற்செயல் அன்று.

"துறையூர் பக்கம்" என்றால் துறையூர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல் கடந்த இடத்தில் எந்த ஊர் என்று கேட்டால், பக்கத்துச் சந்தை ஊரைச் சொல்வதுதான் வழக்கம். பழைய தாளில் முசிறி தாலுகா, திருச்சினாப்பள்ளி ஜில்லா என்று கண்டால் திகைக்க வேண்டாம்; அன்று துறையூர் அதற்குள்தான் இருந்தது. பெரம்பலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. துறையூர் ஜமீனுக்கு உட்பட்ட கிராமமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை அங்கே குடிகளின் கணக்கு ஜமீனின் கையில் இருந்தது, மற்ற கிராமங்களில் கிடைக்கிற பழைய அரசு நிலப் பதிவேடுகளை இங்கே எதிர்பார்க்க முடியாது. அதோடு, கப்பலேறியவர்களில் நிலமில்லாதவர்கள் அதிகம். பட்டாவில் பெயர் இல்லை என்பதால் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகாது. கிராமம் இரண்டு மூன்றாகச் சுருங்கிய பிறகு, தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலை ஊர்வாரியாகப் பாருங்கள். பெயரும் தகப்பன் பெயரும் வயதும் அதில் இருக்கும். உங்கள் வீட்டுப் பெயர்கள் கூட்டமாக வருகிற தெருவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் பயணம், அதையும் குலதெய்வக் கோயிலின் பூசைநாளாகப் பார்த்து வையுங்கள். வெளியூர்ப் பங்காளிகளெல்லாம் ஒரே இடத்தில் கூடுகிற நாள் அதுதான்.

அங்கே போனால் முதல் கேள்வி சாதியாக இருக்கும். பழைய தாள்களிலும் அது எழுதப்பட்டிருக்கும். சில குடும்பங்கள் கப்பலேறியதே அதை விட்டு ஓடத்தான். நீங்கள் கேள்விப்பட்டது ஒன்றாகவும் தாளில் கண்டது வேறாகவும் இருக்கலாம். இரண்டாம் தாரம், ஊரில் விட்டுவந்த மனைவி, பிள்ளை என்றும் செய்திகள் வரலாம். அத்தை ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினால் அங்கே விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். இன்னொரு நாள் அவராகவே சொல்லக் கூடும்.

கடைசியாக அந்தக் குடம். கடிதத்தில் அந்த வரியை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நம் ஊர்களில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். உளியால் புள்ளி புள்ளியாக அடித்த எழுத்து. வழக்கமாக முதலில் ஊருக்கோ தகப்பனுக்கோ ஓர் எழுத்து, பிறகு கொடுத்தவர் பெயர். சில குடங்களில் ஊர்ப்பெயரே முழுதாக இருக்கும். பாட்டியின் குடமென்றால் அது பாட்டியின் தாய்வீட்டுச் சீராக இருக்கலாம். அப்படியானால் அதில் இருப்பது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர் ஆகாது, பெண் கொடுத்தவர்களின் ஊர். தாய்வீடு பெரும்பாலும் பக்கத்து ஊராகத்தான் இருக்கும் என்பதால் அதுவும் போதும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல ஆண்டுகள் தேய்த்துத் தேய்த்துத்தான் புள்ளிகள் மழுங்கியிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி உலரவிடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைக் குடத்தின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அந்த நிலையில் படம் எடுங்கள். அதன்பின் மெல்லிய தாளைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள். எழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் சுற்று முழுவதும் எடுக்க வேண்டும். புள்ளிகள் மழுங்கியிருந்தால் "பெ" என்பதும் "செ" என்பதும் ஒன்றுபோல் தெரியக் கூடும். நீங்களே முடிவு செய்துவிடாமல் தாளையும் படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அத்தையைப் பார்க்கப் போகும்போது குடத்தையும் கையோடு கொண்டுபோங்கள். எழுத்து தெரியாதவராக இருந்தாலும் அதை யார் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.